ஸ்லீப்பில் வைத்தால் எழுவதில்லை, காலையில் பொத்தானுக்கும் அசைவதில்லை: ஆறு வயதுக் கணினி

மெய்ப்புநோக்கி

அனைவருக்கும் வணக்கம். புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த வேலை முழுவதும் நடப்பது, நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ஒரு மேசைக் கணினியில். ஆறு வருடங்களுக்கு முன் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து மதர்போர்டின் (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் தாய்ப்பலகை) கையேட்டை வரிவரியாகப் படித்துச் சொல்ல, நான் திருப்புளி பிடித்தேன். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றிய அந்த நொடி இன்றும் நினைவில் இருக்கிறது. ஆகவே, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்ற யோசனையைத் தயவுசெய்து கடைசியில் வையுங்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்புவரை ஒரு குறையும் இல்லை. இரவில் பக்கங்களைத் திறந்தபடியே வைத்துவிட்டு ஸ்லீப்பில், அதாவது முழுதாக அணைக்காமல் உறங்கும் நிலையில், போடுவேன். காலையில் ஒரு விசையைத் தட்டினால் விட்ட இடத்தில் கர்சர் மினுங்கும். ஒருநாள் காலை தட்டினேன், விழிக்கவில்லை. விசைப்பலகையின் சிறு விளக்குகூட எரியவில்லை. முன்பக்கப் பொத்தானை அழுத்தினால், நடுவில் மின்சாரம் போய் வந்ததுபோல முதலிலிருந்து தொடங்கியது. சேமிக்காமல் விட்டிருந்த நாற்பது பக்கத் திருத்தங்கள் போயின.

அடுத்த வாரம் இன்னும் மோசம். காலையில் பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை. விசிறி இல்லை, விளக்கு இல்லை, ஓசை இல்லை. பிளக்கைப் பிடுங்கிச் செருகி, அழுத்தி, காத்திருந்து, மறுபடி அழுத்தி, கால் மணி நேரம் போராடினால் திடீரென்று ஒன்றுமே நடக்காததுபோல எழுந்துகொள்கிறது. எழுந்துவிட்டால் நாள் முழுவதும் தங்கம். அறுநூறு பக்கப் புத்தகத்தை அச்சுக்கு ஏற்றுமதி செய்யும்போது ஆறு கோர்களும் முழு வேகத்தில் ஓடும். அப்போதும் ஒரு தடங்கல் இல்லை. மாலையில் அணைத்து உடனே போட்டாலும் வந்துவிடுகிறது. காலையில்தான் இந்தப் பாடு.

இதுவரை செய்தவை: தூசி தட்டினேன். இரண்டு ரேம்களையும் (தற்காலிக நினைவகப் பட்டைகள்) கழற்றி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பவர் சப்ளையின் (சுவர் மின்சாரத்தை மாற்றி மற்ற பாகங்களுக்குத் தரும் பெட்டி) பெரிய இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு காகித ஊசியால் இணைத்தால் அது தானாக ஓடும் என்று எங்கோ படித்து, அப்படியே செய்தேன். விசிறி சுற்றியது. எனவே பவர் சப்ளை நலம் என்று முடிவு செய்தேன். தெரிந்தவர் ஒருவர், இரவில் சுவரில் உள்ள சுவிட்சையே அணைத்துவிடுங்கள் என்றார். அதைச் செய்யத் தொடங்கிய பிறகு தொல்லை கூடியதுதான் மிச்சம். இப்போது தேதியும் 2018 ஜனவரி 1 என்று பின்னால் போய் நிற்கிறது.

மதர்போர்டு போய்விட்டதா? இந்த வகைச் சாக்கெட்டுக்குப் புதிய போர்டுகள் இப்போது வருவதில்லை. போர்டை மாற்றினால் பிராசஸரையும் ரேமையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும். அதை நினைத்தாலே மனம் சோர்கிறது.

550 வாட் பவர் சப்ளை, கேபிள்களைத் தனித்தனியே கழற்றக்கூடிய வகை. 8 ஜிபி ரேம் இரண்டு. நடுத்தரக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று. ஓவர்கிளாக், அதாவது விதித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, எதுவும் செய்ததில்லை.

நான்காம்_ஸ்லாட்

முதலில் மிக எளியதை விலக்கிவிடுங்கள்: கேபினெட்டின் முன்பக்கப் பொத்தான். அது இரண்டு முனைகளைத் தொடவைக்கும் சிறு விசை, அவ்வளவுதான். ஆறு வருடத்தில் தேய்ந்தோ ஒட்டிக்கொண்டோ போகக்கூடும். மதர்போர்டின் கீழ் ஓரத்தில் அந்தப் பொத்தானின் கம்பி செருகியிருக்கும் இரண்டு ஊசிகளைக் கையேட்டில் பார்த்துக் கண்டுபிடித்துக் கம்பியை உருவிவிடுங்கள். பிறகு திருப்புளியின் முனையால் இரண்டு ஊசிகளையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கணினி எழுந்தால் பொத்தான்தான் குற்றவாளி. எந்த ஊசி எந்தப் பக்கம் என்ற கவலை இதற்கு வேண்டாம்.

அது இல்லையென்றால் என் சந்தேகம் போர்டின் மேல்தான். முழுச் சுமையில் பவர் சப்ளை நன்றாக ஓடுகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். நாள் முழுக்க அவ்வளவு வேலை வாங்கினாலும் தடுமாறாத ஒன்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரவுக்காவல்

ஸ்லீப்பிலிருந்து எழாதது ஒன்று, பொத்தானுக்கு அசையாதது இன்னொன்று. முதலாவது மட்டும் இருந்தால் டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அமைப்பு, விண்டோஸின் மின்சேமிப்பு அமைப்பு என்று தேடலாம். ஆனால் அணைந்து கிடக்கும் கணினி பொத்தானுக்கே அசையவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் எந்த மென்பொருளும் ஓடத் தொடங்கியிருக்காது. ஆகையால் டிரைவர்களைப் புதுப்பித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

தேதி பின்னால் போவதற்குக் காரணம் போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி, சிஆர் 2032. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை கடிகாரம் பவர் சப்ளையிலிருந்தே வாழும், பேட்டரியைத் தொடாது. நீங்கள் சுவிட்சை அணைக்கத் தொடங்கிய பிறகு ஒவ்வோர் இரவும் அந்தப் பழைய பேட்டரி தனியாகச் சுமக்கிறது. அதை மாற்றிவிடுங்கள். ஆனால் உங்கள் காலைச் சிக்கலுக்கு அது மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

பச்சைக்கம்பி

அம்மா, முப்பது வருடங்களுக்கு மேல் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்த்தவன் நான். நீங்கள் எழுதியதிலேயே விடை பாதி இருக்கிறது: "காலையில்தான்". சூடாக இருக்கும்போது வேலை செய்து, குளிர்ந்தால் மறுக்கும் எதைக் கண்டாலும் என் கை தானாகவே கெபாசிட்டரை, அதாவது மின்னைச் சேமித்து மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகத்தை, தேடும்.

உங்கள் பவர் சப்ளைக்குள் இருப்பது ஒரு மின்வழி அல்ல. 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் ஆகிய பெரிய வழிகள் கணினி ஓடும்போது மட்டும் உயிர்பெறும். இவற்றுக்கு அப்பால், தனிச் சிறு சுற்றாக இன்னொரு 5 வோல்ட் இருக்கிறது. அதன் பெயர் ஸ்டாண்ட்பை. ஊதா நிறக் கம்பி, 24 முனை இணைப்பில் 9ஆவது. பிளக் சுவரில் இருந்து, பின்பக்கச் சுவிட்சும் போட்டிருந்தால் இந்த வழி எப்போதும் விழித்திருக்கும். கணினியை நீங்கள் அணைத்த பிறகும்.

பழைய ஏடி வகைக் கணினிகளில் முன்பக்கச் சுவிட்ச் சுவர் மின்சாரத்தையே நேராக வெட்டும். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தபோது அந்த வழக்கம் மாறியது. இன்று நீங்கள் அழுத்தும் பொத்தான் ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதைக் கேட்க மதர்போர்டில் ஒரு சிறு பகுதி விழித்திருக்க வேண்டும். அதற்கு உணவு ஊதாக் கம்பி. வேண்டுகோளைக் கேட்டதும் போர்டு பச்சைக் கம்பியைச் சுழியத்துக்கு இழுக்கிறது. அதன் பிறகே பெரிய வழிகள் திறக்கின்றன. அவை நிலைபெற்றதும், 100 முதல் 500 மில்லிவிநாடிக்குள், சாம்பல் நிறக் கம்பியில் "எல்லாம் சரி" என்ற செய்தி வருகிறது. பிராசஸர் கண் திறப்பது அதற்குப் பிறகுதான்.

ஸ்லீப்பில் நடப்பதையும் பாருங்கள். பெரிய வழிகள் மூன்றும் மூடிவிடுகின்றன. ரேமில் உள்ள உங்கள் நாற்பது பக்கங்களையும் இரவு முழுவதும் தாங்கிக்கொண்டிருப்பது அந்த ஊதாக் கம்பி ஒன்றுதான். விசைப்பலகைக்கு உயிர் தருவதும் அதுவே. அது தளர்ந்தால் ரேம் மறந்துவிடும், விசைப்பலகை அணைந்துவிடும், பொத்தானைக் கேட்க ஆள் இருக்காது. உங்கள் மூன்று அறிகுறிகளும் ஒரே கம்பியில் வந்து சேர்கின்றன.

காகித ஊசிச் சோதனை உங்களுக்குத் தவறான தெம்பைத் தந்துவிட்டது. அது காட்டுவது 12 வோல்ட் வழி திறந்து விசிறி சுற்றியது என்பதை மட்டும். நீங்களே பச்சையை இழுத்துவிட்டதால், அதை இழுக்க வேண்டிய போர்டுக்கு ஊதாவில் போதிய மின்னழுத்தம் வந்ததா என்ற கேள்வி எழவே இல்லை. சுமையும் இல்லை. அதேபோல் நாள் முழுவதும் ஆறு கோர்களும் ஓடுவது பெரிய வழிகளுக்கான நற்சான்றிதழ், ஸ்டாண்ட்பைக்கு அல்ல. நான்காம்_ஸ்லாட் தம்பி சறுக்கியது இந்த இடத்தில்தான்.

மின்னழுத்தம் அளக்கும் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நேர்மின்னோட்ட (டிசி) 20 வோல்ட் அளவில் வையுங்கள். இணைப்பைப் போர்டிலிருந்து கழற்ற வேண்டாம். செருகியபடியே, இணைப்பின் பின்புறம் கம்பி நுழையும் துளையில் சிவப்பு முனையை ஊதாவின் ஓரமாக மெல்ல இறக்குங்கள். கறுப்பு முனை கறுப்புக் கம்பியில். முனை பக்கத்துத் துளையைத் தொட்டுவிடக் கூடாது. விதிப்படி 5 வோல்ட்டில் 5 விழுக்காடு கூடலாம், குறையலாம்: 4.75 முதல் 5.25 வரை. காலையில் குளிர்ந்திருக்கும்போதும், ஓடும்போதும், ஸ்லீப்பிலும் அளந்து எழுதுங்கள். பொத்தானை அழுத்தும்போது பச்சைக் கம்பி சுழியத்துக்கு இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

அதுவரை ஸ்லீப் வேண்டாம். ஹைபர்நேட் பயன்படுத்துங்கள், அது ரேமை நம்பாமல் வட்டில் எழுதிவிட்டு உறங்கும். சுவர்ச் சுவிட்சையும் அணைக்காதீர்கள். மின்சாரம் இருந்தால் அந்தச் சிறு சுற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். முற்றிலும் குளிரவிட்டால் மறுநாள் எழுப்புவது இன்னும் கடினம். சுவிட்சை அணைத்த பிறகு உங்கள் தொல்லை கூடியது இதனால்தான்.

பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். என் கை இன்னும் உடம்போடு இருப்பது அதை நான் மதித்ததால்.

மெய்ப்புநோக்கி

பச்சைக்கம்பி ஐயா, உங்கள் பதிலை இரண்டு முறை அச்செழுத்துப் பார்ப்பதுபோல் படித்தேன். முன்பக்கப் பொத்தானை முதலில் விலக்கிவிட்டேன். திருப்புளியால் தொட்டாலும் காலையில் அதே அமைதிதான்.

பழுது முழுதாகத் தெரியட்டும் என்று நேற்று ஓரிரவு மட்டும் சுவர்ச் சுவிட்சை அணைத்து வைத்தேன். இன்று காலை 6 மணிக்குப் பிளக்கைப் போட்டதும் ஊதா 3.6 வோல்ட். ஒரே இடத்தில் நிற்கவில்லை, 3.5க்கும் 3.7க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினேன். பச்சைக் கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது, இறங்கவில்லை. கேட்க ஆள் இல்லை என்று நீங்கள் எழுதியதைக் கண்ணால் பார்த்தேன்.

மீட்டரை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எண் மெல்ல மெல்ல ஏறியது. 3.8. 4.0. ஐந்து நிமிடத்துக்குப் பின் 4.2. பதினாறாவது நிமிடம் 4.5 காட்டியபோது அழுத்தினேன். பச்சை சட்டென்று சுழியத்துக்கு விழுந்தது, விசிறி சுற்றியது. மூன்று வாரமாகக் காரணம் தெரியாமல் பிளக்கைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தவள், காரணம் ஓர் எண்ணாக ஏறி வருவதை அப்போதுதான் பார்த்தேன்.

ஓடும்போது ஊதா 4.72. 12 வோல்ட் வழியான மஞ்சள் 12.08, பெரிய 5 வோல்ட் வழியான சிவப்பு 5.03, ஏற்றுமதி நடக்கும்போதும் மஞ்சள் 12.02க்குக் கீழே வரவில்லை. மாலையில், பெட்டி சூடாக இருந்தபோது, ஸ்லீப்பில் போட்டேன். ஊதா 4.3க்கு இறங்கியது. கைப்பேசியும் வெளி வட்டு ஒன்றும் எப்போதும் பின்புற யுஎஸ்பியில் மாட்டியிருக்கும். அவற்றை உருவியதும் 4.5க்கு ஏறியது.

நான்காம்_ஸ்லாட்

நான் தவறிய இடத்தை ஐயா சொல்லிவிட்டார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மீதமிருக்கிறது. இந்த எண்களெல்லாம் போர்டு இணைந்திருக்கும்போது எடுத்தவை. போர்டில் ஏதாவது கசிந்து ஊதாவிலிருந்து அளவுக்கு மீறி இழுத்தாலும் மின்னழுத்தம் இப்படித்தான் விழும். அப்படியானால் புதிய பவர் சப்ளை வாங்கியும் பயன் இருக்காது. வாங்குவதற்கு முன் இதைப் பிரித்துப் பார்க்க வழி உண்டா?

பச்சைக்கம்பி

நல்ல கேள்வி தம்பி. இதைக் கேட்காமல்தான் பலர் நல்ல பாகத்தை மாற்றிவிட்டுத் தலையில் கை வைக்கிறார்கள்.

போர்டை விட்டுப் பிரித்துவிட்டு, ஊதாவுக்கு நமக்குத் தெரிந்த ஒரு சுமையைக் கொடுக்க வேண்டும். 10 ஓம் மதிப்பும் 10 வாட் தாங்கும் திறனும் உள்ள பீங்கான் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று வாங்குங்கள். வெள்ளை நிறச் செவ்வகக் கட்டையாக இருக்கும். 5 வோல்ட்டில் அது அரை ஆம்பியர் இழுக்கும், 2.5 வாட் சூடு விடும்.

பிளக்கைப் பிடுங்குங்கள். முன்பக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். 24 முனை இணைப்பையும், பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும் கேபிள்களையும் கழற்றுங்கள். ரெசிஸ்டரின் ஒரு காலை ஊதாவின் துளையிலும் மறு காலை ஒரு கறுப்பின் துளையிலும் செருகி, கட்டையை ஒரு பீங்கான் தட்டின் மேல் கிடத்துங்கள். பிறகு பிளக்கைப் போடுங்கள். பச்சைக் கம்பியைத் தொட வேண்டாம். ஸ்டாண்ட்பை தானாகவே இருக்கும். ரெசிஸ்டரைக் கையால் தொடாதீர்கள், சுடும்.

பவர் சப்ளையின் பக்கவாட்டு ஒட்டுத்தாளில் ஸ்டாண்ட்பை வழி எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 2.5 அல்லது 3. அப்படி எழுதியிருப்பது அரை ஆம்பியருக்கு அசையவே கூடாது. 4.9க்கு மேல் நின்றால் தம்பி சொன்னதுபோல் போர்டைச் சந்தேகிப்போம். இறங்கினால் போர்டு தப்பித்தது.

மெய்ப்புநோக்கி

ஒட்டுத்தாளில் 3 ஆம்பியர் என்று இருக்கிறது.

ரெசிஸ்டர் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. இன்று காலை, குளிர்ந்த நிலையில், சுமை இல்லாமல் முதலில் அளந்தேன்: 4.96. பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. பவர் சப்ளை நலமாக இருக்கிறதே, போர்டுதான் போய்விட்டது என்று என் தம்பிக்கு அழைப்பே போட்டுவிட்டேன். அவன், "அக்கா, சுமை வைக்காமல் ஏன் அழுகிறீர்கள்?" என்றான்.

ரெசிஸ்டரைச் செருகித் தட்டில் கிடத்திவிட்டுப் பிளக்கைப் போட்டேன். 3.4 வோல்ட். போர்டு இல்லை, ரேம் இல்லை, யுஎஸ்பி இல்லை, ஒரு வெள்ளைக் கட்டை மட்டும். இருபது நிமிடம் விட்டு மறுபடி அளந்தபோது 4.4.

போர்டு நலம் என்றுதானே பொருள்? யாராவது ஒருவர் ஆம் என்று எழுதுங்கள்.

பச்சைக்கம்பி

ஆம், அம்மா. போர்டுதான் ஊதாவை இழுக்கிறது என்ற பேச்சு முடிந்தது. சுமையில்லாமல் 4.96 காட்டுவதும் சுமை வைத்ததும் சரிவதும் உலர்ந்த கெபாசிட்டருக்கே உரிய நடத்தை. உள்ளிருக்கும் திரவம் வற்ற வற்ற அதன் உள்தடை கூடும். குளிரில் இன்னும் கூடும். சூடேறினால் சற்று இறங்கும். நீங்கள் பார்த்த பதினாறு நிமிட ஏற்றம் அதுதான். கெபாசிட்டரைக் கொல்வது வெப்பம். 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. கணினி அணைந்ததும் விசிறி நின்றுவிடும், ஸ்டாண்ட்பை மட்டும் காற்றில்லாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். உங்கள் பெட்டியில் மற்ற எல்லாம் ஓய்வெடுத்த ஆறு வருட இரவுகளில் ஓய்வெடுக்காதது அது ஒன்றுதான்.

பவர் சப்ளையை மாற்றுங்கள். வேறு எதையும் வாங்க வேண்டாம், பேட்டரி தவிர.

இரவுக்காவல்

வாங்குவதற்கு முன் என் பேச்சையும் ஒரு நிமிடம் கேளுங்கள், இது மிக முக்கியம். உங்களுடையது கேபிள்களைக் கழற்றக்கூடிய வகை என்று எழுதியிருக்கிறீர்கள். புதியதும் அப்படியே இருந்தால், பழைய கேபிள்கள் அழகாகக் கட்டிவைத்தபடி இருக்கின்றனவே, பெட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். தோன்றினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். போர்டு பக்க இணைப்புகளுக்குத்தான் பொதுவான விதி உண்டு. பவர் சப்ளை பக்கம் எந்த ஊசியில் எந்த மின்னழுத்தம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும், சில சமயம் ஒரே தயாரிப்பாளரின் வெவ்வேறு வரிசைகளும், வேறு வேறாக வைத்திருப்பார்கள். இணைப்பு கச்சிதமாகப் பொருந்தும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும். வட்டுகள் ஒரு நொடியில் கருகிவிடும். நண்பர் ஒருவரின் இரண்டு வட்டுகள் அப்படிப் போனதை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவற்றில் அவருடைய குழந்தையின் முதல் இரண்டு வருடப் படங்கள் இருந்தன. பழைய கேபிள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

பேட்டரியைக் கழற்றும்போது பிளக் வெளியே இருக்கட்டும். பயாஸ் அமைப்புகள் அழியக்கூடும். நீங்கள் ஓவர்கிளாக் செய்யாததால் இழப்பில்லை. தேதியையும் எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் மட்டும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

மெய்ப்புநோக்கி

நேற்று மாலை புதிய பவர் சப்ளை வந்தது. கேபிள் பற்றிய எச்சரிக்கை சரியான வேளையில் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், தம்பி கட்டிவைத்துவிட்டுப் போன அந்தக் கட்டுகளை அவிழ்க்க மனமில்லாமல், பெட்டியை மட்டும் மாற்றுவதாகத்தான் இருந்தேன். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். போர்டுக்குப் பின்னால் வளைந்து போயிருந்த பிராசஸர் கேபிள்தான் கடைசியாக வந்தது.

எல்லாம் செருகிப் பொத்தானை அழுத்தினேன். விசிறிகள் சுற்றின. திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், கறுப்பு. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை. பிறகுதான் போர்டின் ஓரத்தில் நான்கு சிறு விளக்குகள் வரிசையாக இருப்பதும், அவற்றில் ரேமுக்கு உரியது மட்டும் அணையாமல் எரிவதும் கண்ணில் பட்டன. கேபிளை இழுத்தபோது என் மணிக்கட்டு ரேமின் மேல் அழுந்தியிருக்க வேண்டும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விளக்கடித்துப் பார்த்தேன். ஒரு ரேமின் மேல் முனையில் பிடிப்பு மூடாமல் ஒரு நகக்கண் அளவு விலகி நின்றது. கழற்றி, பள்ளம் பார்த்துப் பொருத்தி, இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்தினேன். 'டக்' என்ற ஓசை கேட்டது. முதல் பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று.

அதன் பிறகு வந்தது. தேதியை அமைத்தேன். பழைய பேட்டரியை அளந்தால் 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.4 காட்டியது.

இரவு, ஒரு சிறுகதைத் தொகுப்பின் பக்கங்களைத் திறந்து வைத்து (சேமித்துவிட்டுத்தான்) ஸ்லீப்பில் போட்டேன். ஊதாவை அளந்தேன்: 5.06. கைப்பேசியை யுஎஸ்பியில் மாட்டினேன்: 5.05. காலை 6 மணிக்கு எழுந்து மறுபடி அளந்தேன்: 5.06. ஒரு விசையைத் தட்டினேன். திரையில் 112ஆம் பக்கம், மூன்றாம் பத்தி, நான் விட்டுச்சென்ற ஒற்றெழுத்துக்குப் பக்கத்தில் கர்சர் மினுங்கியது.

பச்சைக்கம்பி ஐயாவுக்கும் இரவுக்காவலுக்கும் என் நன்றி. நான்காம்_ஸ்லாட், நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால் புதிய பெட்டியை வாங்கிய பிறகும் போர்டின் மேல் ஒரு சந்தேகத்தோடேயே உட்கார்ந்திருப்பேன்.

நான்காம்_ஸ்லாட்

மிக்க மகிழ்ச்சி அக்கா. பழைய பவர் சப்ளையை என்ன செய்யப்போகிறீர்கள்? காகித ஊசியில் விசிறி சுற்றுகிறது என்று வேறு யாராவது எடுத்துப் பூட்டிவிடப் போகிறார்கள்.

மெய்ப்புநோக்கி

மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கப்போகிறேன். அதுவரை யாரும் எடுத்துவிடாமல் இருக்க, மேலே ஒரு தாள் ஒட்டி, "ஊதா 3.4, குளிரில் எழாது" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அதன் கேபிள்களையும் அதே பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டேன்.